கடலுக்குள் ஒரு தண்டவாளம்

ஏடு அழிந்தால் வருந்துவதற்குப் புலவர் உண்டு. சிலை களவு போனால் குரல் எழுப்புவதற்கு ஊர் உண்டு. பழைய படச்சுருள் பொடியாகிப் போனால் ‘ஐயோ’ என்று அங்கலாய்ப்பதற்குக்கூட இன்று நாலு பேர் வந்துவிட்டார்கள். ஆனால், ஒரு வீடியோ விளையாட்டு அழிந்தால் யார் வருந்துகிறார்கள்? ‘காசு போட்டு ஆடும் பொறிதானே, போனால் போகட்டும், அந்த இடத்தில் வேறொன்றை வை’ என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அப்படி முடிந்துவிடக் கூடாது என்பதே இக்கட்டுரையின் வாதம். அதற்குச் சான்றாக ஒரே ஒரு விளையாட்டை எடுத்துக்கொள்கிறேன். ஜப்பானிய நாட்டுச் சேகா நிறுவனம் 1998-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘தி ஓஷன் ஹண்டர்’ என்பது அதன் பெயர். தமிழில் சொன்னால், கடல் வேட்டைக்காரன்.

நம்முள் பலர் அதைப் பார்த்திருக்க முடியாது. நம்முள் பெரும்பாலோர் பிறப்பதற்கு முன்பே வந்த விளையாட்டு அது. அதன் அமைப்பைச் சுருங்கச் சொல்கிறேன். ஆள் உயரப் பொறி ஒன்று, பெரிய திரை, திரைக்கு முன்னே பொறியோடு பிணைத்த இரண்டு துப்பாக்கிகள். காசைப் போட்டுத் துப்பாக்கியைப் பிடித்தால், நாம் கடலுக்கடியில் இறங்கிவிடுவோம். கடலில் கொடிய பூதங்கள் உலவுகின்றன. ஒவ்வொன்றின் தலைக்கும் ஒரு பரிசுத்தொகை உண்டு. பரிசுக்காக வேட்டைக்குப் புறப்பட்ட இரு வீரர்களே நாமும் நம் தோழனும். வழியில் மீன் கூட்டங்கள் பாய்கின்றன. சுறாக்கள் வாயைப் பிளக்கின்றன. ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் மாபெரும் பூதம் ஒன்று எதிர்நிற்கிறது. நார்வே நாட்டு மாலுமிகள் கதைகட்டிய கிராக்கனும், கிரேக்கரின் கடல் தெய்வமான பொசைடனும் இந்த வரிசையில் வருகிறார்கள்.

இத்தகைய விளையாட்டுகளை ஆங்கிலத்தில் ‘ரெயில் ஷூட்டர்’ என்பர். தண்டவாளத்தின்மேல் வண்டி ஓடுவதுபோல், விளையாட்டு தானே நம்மை இழுத்துக்கொண்டு போகும். எங்கே திரும்புவது, எப்போது நிற்பது என்பதெல்லாம் நம் கையில் இல்லை. குறி பார்ப்பதும் சுடுவதும் மட்டுமே நம் வேலை. இதைக் கொண்டே சிலர் இவ்வகையைப் பழிக்கின்றனர். ‘வழியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லாத இடத்தில் ஆட்டம் ஏது? இது பார்க்கும் படத்தில் ஒரு துப்பாக்கியைச் செருகிய கதைதான்’ என்பது அவர்கள் வாதம்.

இந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, நாம் ரெயிலின் சன்னலோரத்தில் அமர்ந்து போகிறோம். தண்டவாளம் போட்டவன் வேறொருவன். வண்டியை ஓட்டுகிறவன் வேறொருவன். ஆனாலும் எந்தப் பாலத்தைக் கண் தேடுகிறது, எந்த வயலில் மனம் நிற்கிறது என்பது நம்முடையது. வழி கட்டுப்பட்டது, பார்வை கட்டுப்படவில்லை. தண்டவாள விளையாட்டும் அத்தகையதே. ஒரு நொடியில் இடப்புறம் ஒரு மீன், வலப்புறம் ஒன்று, தோழனின் எதிரில் ஒன்று என மூன்றும் பாய்ந்தால், எதை முதலில் சுடுவாய் என்ற கேள்வி எழுகிறது. அந்த விடை நம்முடையது. ஆட்டத்தின் உயிர் அந்த விடையிலே இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. வழியை ஆடுகிறவனிடம் விட்டுவிட்டால், அமைப்பாளன் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. வழியைத் தன் கையில் வைத்துக்கொண்டால், எந்த நொடியில் இருள், எந்த நொடியில் ஒளி, எப்போது அமைதி, எப்போது அச்சம் என்று இசையமைப்பாளன் தாளம் போடுவதுபோல் அவனால் போட முடியும். பூதம் முதலில் நிழலாக வரவேண்டும். பிறகு வால் தெரியவேண்டும். கடைசியில்தான் முகம் தெரியவேண்டும். இந்த வரிசை கலைந்தால் அச்சம் கலைந்துவிடும். கட்டுப்பாடு இருப்பதனாலேயே இங்கே கலை பிறக்கிறது. வெண்பாவைப் படித்த நமக்கு இதை விளக்கவும் வேண்டுமா?

கடலையும் காசையும் துப்பாக்கியையும் ஒன்றுசேர்த்தது 1998-இல் தொடங்கிய வேலையன்று. இதே சேகா நிறுவனம் 1966-இல் ‘பெரிஸ்கோப்’ என்றொரு பொறியை வெளியிட்டது. அதில் கணிப்பொறி இல்லை; படக்குழாய் இல்லை. நீர்மூழ்கிக் கப்பலின் பார்வைக் குழாயில் கண் வைத்துப் பார்த்தால், சங்கிலியில் நகரும் அட்டைக் கப்பல்கள் தெரியும். பொத்தானை அழுத்தினால், நீரடியில் குண்டு செல்வதுபோல் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்துகொண்டே போகும். பின்னாளில் நாம்கோ எனப் பெயர் பெற்ற நகமுரா நிறுவனமும் அதே காலத்தில் இவ்வகைப் பொறியைச் செய்தது. அட்டையும் விளக்கும் கொண்டு செய்த அந்தக் கடல், கடல் கடந்து அமெரிக்காவுக்கும் போயிற்று. ஓர் ஆட்டத்துக்கு 25 சென்ட் என்ற கட்டணம் அந்நாட்டில் பரவியதற்கு அந்தப் பொறியே காரணம் என்று இத்துறை வரலாறு எழுதுவோர் கூறுவர்.

பத்து ஆண்டுகள் கழித்து, 1976-இல், மிட்வே நிறுவனம் ‘சீ உல்ஃப்’ என்ற விளையாட்டை வெளியிட்டது. பார்வைக் குழாய் அப்படியே இருந்தது. அட்டைக் கப்பல் போய், திரையில் ஒளிக் கப்பல் வந்தது. உள்ளே இன்டெல் 8080 என்னும் சில்லு கணக்குப் போட்டது. 1994-இல் சேகாவின் ‘வெர்ச்சுவா காப்’ வந்தது. அது கடலைப் பற்றியதன்று. ஆயினும் முப்பரிமாண உலகத்துக்குள் ஆடுகிறவனைத் தண்டவாளத்தில் அழைத்துச் செல்லும் முறையை நிலைநாட்டியது அதுவே. எதிரியின் உடலில் குண்டு எங்கே பட்டதோ அதற்கேற்ப அவன் விழும் விதமும் மாறியது. ‘பெரிஸ்கோப்’ தந்த கடலும் ‘வெர்ச்சுவா காப்’ தந்த தண்டவாளமும் கைகோத்த இடத்தில் நிற்பதே ‘தி ஓஷன் ஹண்டர்’. 32 ஆண்டுகளுக்குள், அட்டைக் கப்பலிலிருந்து உயிருள்ளதுபோல் நெளியும் பூதம் வரை ஒரு கலை வளர்ந்த கதை இது.

அந்தப் பூதத்தை நெளியவைத்த பொறிக்குப் பெயர் ‘மாடல் 3’. 1996-இல் ‘வெர்ச்சுவா ஃபைட்டர் 3’ என்ற விளையாட்டோடு அது அறிமுகமாயிற்று. அதன் படம் வரையும் பகுதியைச் சேகாவோடு சேர்ந்து உருவாக்கியது, அமெரிக்காவில் போர் விமானங்கள் செய்யும் லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்தைச் சார்ந்த ‘ரியல் 3டி’ என்ற அமைப்பு. விமானம் ஓட்டப் பழகுகிறவர்களுக்குப் பொய் வானத்தைக் காட்டிய கலையைத்தான் அவர்கள் விளையாட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். நொடிக்குப் பத்து இலட்சத்துக்கும் மேலான பலகோணங்களை அது வரைந்தது. போர்ப் பயிற்சிக்குப் பிறந்த அறிவு, கடைசியில் சிறுவர்களின் நாணயத்துக்குப் பூதம் காட்டியது! அறிவியலின் வழிகள் வேடிக்கையானவை.

ஆனால் பலகோணங்களைக் குவித்தால் மட்டும் கடல் வந்துவிடாது. கடலைக் காட்டுவதில் தனியான நுட்பங்கள் உண்டு. பொறியியல் படிக்கும் நண்பர்கள் இதைக் கூர்ந்து நோக்கவேண்டும். நீரில் இறங்க இறங்கச் செந்நிறம்தான் முதலில் மறையும். நீலமும் பச்சையும் நெடுந்தொலைவு நிற்கும். ஆகவே ஆழத்தைச் சொல்ல எழுத்து வேண்டியதில்லை, நிறமே சொல்லிவிடும். நீருக்குள் தொலைவில் உள்ளவை மங்கித் தெரிவது இயற்கை. அந்நாளையக் கணிப்பொறிகளுக்கோ தொலைவில் உள்ளவற்றை எல்லாம் வரையும் வலிமை இல்லை. நகரத் தெருவைக் காட்டும் விளையாட்டில், தொலைவிலுள்ள வீடு திடீரென்று முளைத்தால் ஆடுகிறவன் நகைப்பான். கடலடியில், இருளிலிருந்து ஒரு பாறை மெல்ல எழுந்தால் அவன் அஞ்சுவான். பொறியின் குறை அங்கே கதையின் நிறைவாகிறது. குறையை மறைப்பது தொழில். குறையைக் கொண்டே அழகு செய்வது கலை.

தரையில் நடக்கும் சுடும் விளையாட்டுகளில் எதிரி கதவின் பின்னாலிருந்தோ கூரையின் மேலிருந்தோதான் வருவான். கடலில் அந்த எல்லையும் இல்லை. மேலே, கீழே, காலடியில், முதுகுப்புறத்தில் என எத்திசையிலிருந்தும் பகை வரலாம். வண்டியும் மேலேறலாம், கீழே பாயலாம், சுழலலாம். தண்டவாளம் என்ற கட்டுப்பாட்டுக்குள் இவ்வளவு விரிந்த வெளியைத் தரும் களம் வானத்தை விட்டால் கடல்தான். இந்தக் களத்தைத் தேர்ந்ததே பாதி வெற்றி என்பேன்.

துப்பாக்கியையும் பார்க்கவேண்டும். கையில் தூக்கிச் சுடும் பழைய ஒளித் துப்பாக்கிகள், படக்குழாயின் ஒளிக்கற்றை திரையில் ஓடும் நேரத்தைக் கணக்கிட்டு, குறி எங்கே என்று கண்டறிந்தன. பொறியோடு பிணைத்த துப்பாக்கி வேறு வகை. அது அச்சில் சுழலும். சுழலும் அளவே குறியைச் சொல்லிவிடும். அதற்கு ஒரு கனம் உண்டு. அதைத் திருப்பத் தோளும் இடுப்பும் சேர்ந்து திரும்பவேண்டும். அருகில் நிற்கும் தோழனின் முழங்கை நம்மேல் படும். ‘இடப்பக்கம் நீ பார், வலப்பக்கம் நான் பார்க்கிறேன்’ என்று பேசித்தான் ஆடவேண்டும். முன்பின் தெரியாத ஒருவன் வந்து, இரண்டாவது துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு, பூதம் சாயும்வரை தோழனாக நின்றுவிட்டு, பெயர்கூடச் சொல்லாமல் போய்விடலாம். தனியறையில் காதை மூடிக்கொண்டு ஆடும் ஆட்டத்தில் இந்தத் தோழமை கிட்டுமா?

இத்தகைய விளையாட்டு இன்று எங்கே இருக்கிறது? கேட்டால் மனம் சோரும். ‘தி ஓஷன் ஹண்டர்’ வீட்டுப் பொறிகளுக்கு மாற்றப்படவே இல்லை. விளையாட்டுக் கூடத்தில் பிறந்தது, கூடத்தோடு நின்றுவிட்டது. ‘மாற்ற முடியாத அளவுக்குச் சிக்கலானது போலும்’ என்று யாரும் சமாதானம் கூற வேண்டாம். அதே மாடல் 3 பொறியில் ஓடிய ‘கெட் பாஸ்’ என்ற மீன் பிடிக்கும் விளையாட்டைச் சேகா 1999-இல் தன் ‘டிரீம்காஸ்ட்’ வீட்டுப் பொறிக்குக் கொண்டுவந்தது. அதற்கென்று தூண்டில் போன்ற ஒரு கைப்பிடியையும் செய்து விற்றது. அதே மாடல் 3-இல், அதே 1998-இல் வந்து, பொறியோடு பிணைத்த துப்பாக்கியால் ஆடப்பட்ட ‘எல்.ஏ. மெஷின்கன்ஸ்’ 2010-இல் நின்டென்டோவின் ‘வீ’ பொறிக்கு வந்தது. தூண்டில் வீட்டுக்கு வந்தது. இயந்திரத் துப்பாக்கியும் வந்தது. கடல் வேட்டைக்காரன் மட்டும் வாசலிலேயே நின்றுவிட்டான். கணக்குப் பார்த்தவர்களுக்கு அது பயன் தராது என்று பட்டிருக்கலாம். வணிகத்தில் அது குற்றமில்லை. ஆனால் வணிகர் கைவிட்டதை வேறு எவரும் எடுத்துக் காக்கவும் கூடாது என்றால், அதுதான் குற்றம்.

கூடங்களின் கதியும் அதுவே. சேகா தன் விளையாட்டுக் கூடத் தொழிலின் பெரும்பங்கை 2020-ஆம் ஆண்டின் இறுதியில் ஜென்டா என்ற நிறுவனத்துக்கு விற்றது. மீதிப் பங்கையும் 2022-இல் விற்றுவிட்டது. ஜப்பான் நகரங்களில் தலைமுறை தலைமுறையாக ஒளிர்ந்த அந்தப் பெயர் கூடங்களின் முகப்பிலிருந்து இறங்கிற்று. பழைய படக்குழாய்களைப் பெரும் அளவில் செய்யும் தொழிற்சாலைகளும் மூடிவிட்டன. பொறிக்குள் இருக்கும் மின்தேக்கிகள் வறண்டுபோகும், துப்பாக்கியின் பற்சக்கரம் தேயும், மரப்பெட்டி உப்பும். உலகத்தில் எஞ்சியுள்ள பொறிகள் ஒவ்வொன்றாகக் கண் மூடிக்கொண்டிருக்கின்றன.

இந்நிலையில் சில தன்னார்வலர்கள் ஒரு நற்பணி செய்தனர். பழைய பொறி செய்த வேலையைப் புதிய கணிப்பொறியில் போலச் செய்துகாட்டும் நிரல்களை எழுதினர். 1997-இல் தொடங்கிய ‘மேம்’ என்ற முயற்சி ஆயிரக்கணக்கான பழைய கூட விளையாட்டுகளுக்கு உயிர்கொடுத்தது. மாடல் 3-க்கென்றே ‘சூப்பர்மாடல்’ என்ற நிரல் 2011-இல் வெளிவந்தது. கூலி இல்லை, புகழ் இல்லை. சில்லுகளை உற்று நோக்கி, அவை எவ்வாறு நடக்கின்றன என்று ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து எழுதிய உழைப்பு அது. ஓலையைப் படித்துப் படியெடுத்தவர்களின் உழைப்புக்கு அது எவ்வகையிலும் குறைந்ததன்று.

ஆயினும் அவர்கள் செய்யும் நிரல் ஒன்று. அதில் ஓடும் விளையாட்டு வேறொன்று. விளையாட்டு உரிமையாளருடையது. அதைப் படியெடுத்துப் பரப்புவது சட்டத்துக்குப் புறம்பு. ஜப்பானியச் சட்டப்படி, நிறுவனத்தின் பெயரால் வெளிவந்த படைப்புக்கு உரிமை 70 ஆண்டுகள். 1998-இல் வந்த விளையாட்டு 2068 முடியும்வரை உரிமையாளரின் பூட்டுக்குள் இருக்கும். மரப்பெட்டியும் படக்குழாயும் 70 ஆண்டு தாங்குமா? பூட்டைத் திறக்கும் நாளில் பேழைக்குள் புழுதிதான் இருக்கும். அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று கடையில் முறையாக வாங்கக் கிடைப்பதில்லை என்று அந்நாட்டு வீடியோ விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை 2023-இல் கணக்கிட்டுச் சொல்லிற்று. அத்தகைய விளையாட்டுகளை ஆராய்ச்சியாளர்களுக்குத் தொலைவிலிருந்து ஆடிப்பார்க்கக் கொடுக்க நூலகங்கள் இசைவு கேட்டன. அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் அதை மறுத்துவிட்டது. பழைய நூலைக் காட்டலாம். பழைய படத்தைக் காட்டலாம். பழைய விளையாட்டென்றால் நூலகத்துக்குள்ளேயே வந்து பார்த்துவிட்டுப் போ என்கிறார்கள். இது என்ன நீதி?

எதிர்ப்பவர்கள் இரண்டு கேள்வி கேட்பர். முதல் கேள்வி: ‘மீனைச் சுடும் ஆட்டத்தில் காக்கத்தக்கது என்ன இருக்கிறது? உயிரைக் கொல்வதைக் கேளிக்கையாக்கும் பொருள் ஒழிந்தால் நல்லதுதானே?’

நல்ல கேள்வி. 1966 முதல் 1998 வரை, மேலே சொன்ன கடல்களை எல்லாம் நாம் துப்பாக்கியின் முனை வழியாகவே பார்த்தோம் என்பதை நான் மறுக்கவில்லை. கடல் என்றால் பகை, கடல்வாழ் உயிர் என்றால் குறி என்ற எண்ணம் அவ்விளையாட்டுகளில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதற்கு மறுமொழியும் விளையாட்டு உலகத்திலிருந்தே வந்தது. 2018-இல் முழுமையாக வெளிவந்த ‘சப்நாட்டிகா’ என்ற விளையாட்டும் கடலடியில்தான் நடக்கிறது. அதிலும் அச்சுறுத்தும் பெரும் பூதங்கள் உண்டு. ஆனால் அவற்றைக் கொல்லும் துப்பாக்கி ஆடுகிறவனுக்குக் கொடுக்கப்படவில்லை. 2012-இல் அமெரிக்காவின் சாண்டி ஹூக் பள்ளியில் நடந்த படுகொலையின் நினைவே அம்முடிவுக்குக் காரணம் என்று அதன் இயக்குநர் சார்லி கிளீவ்லண்ட் வெளிப்படையாகச் சொன்னார். துப்பாக்கி இல்லாத கடலில் ஆடுகிறவன் ஒளிகிறான், ஓடுகிறான், கற்கிறான், கடைசியில் வியக்கிறான்.

அந்த மறுமொழியின் அருமை யாருக்குத் தெரியும்? துப்பாக்கியோடு இருந்த கடலை அறிந்தவனுக்குத்தான் தெரியும். முந்தைய நூல் அழிந்துவிட்டால், அதை மறுத்து எழுந்த நூலின் பாதிப் பொருளும் அழிந்துவிடும். நமக்கு உடன்பாடில்லாத கருத்து என்பதற்காக ஏடுகளை எரித்திருந்தால் நம் இலக்கியத்தில் எத்தனை மிஞ்சியிருக்கும்? காப்பதென்றால் போற்றுவதென்று பொருளில்லை. குறையோடு அறிவதற்காகக் காப்பதும் காப்பதே.

இரண்டாம் கேள்வி: ‘முதல் போட்டவன் உரிமையை இழக்கவேண்டுமா?’ வேண்டியதில்லை. உரிமை அவனிடமே இருக்கட்டும். விற்பனை செய்தால் ஊதியம் அவனுக்கே போகட்டும். விற்காமல், வெளியிடாமல், காட்டாமல் கிடக்கும் படைப்பின் ஒரு படியைப் பொது நூலகத்தில் ஒப்படைக்கவேண்டும் என்றுதான் கேட்கிறேன். நம் நாட்டில் நூல் வெளியிடுவோர் பொது நூலகங்களுக்குப் படி கொடுக்கவேண்டும் என்று 1954-இலேயே சட்டம் வந்துவிட்டது. அதனால் எந்தப் பதிப்பகமும் அழிந்துவிடவில்லை, அறிவுதான் பிழைத்தது. நூலுக்கு நல்லதாய் இருப்பது விளையாட்டுக்கு மட்டும் நஞ்சாகிவிடுமா?

படியை மட்டும் வைத்தால் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ‘தி ஓஷன் ஹண்டர்’ போன்ற விளையாட்டில் நிரல் பாதி, உடல் பாதி. விசைப்பலகையில் தட்டி அதை ஆடினால், குறி விழும், பூதம் சாகும். துப்பாக்கியின் கனமும் தோழனின் முழங்கையும் வரமாட்டா. ஆகவே பெட்டியின் அளவு, துப்பாக்கியின் வரைபடம், திரையின் இயல்பு, கூடத்தில் மக்கள் ஆடிய காட்சி, அமைத்தவர்களின் நினைவுகள் ஆகிய அனைத்தையும் பதிவு செய்யவேண்டும். 1998-இல் இருபத்தைந்து வயதில் இவ்வேலையில் இருந்தவர் இன்று ஐம்பதைக் கடந்துவிட்டார். இப்போது கேட்டால் சொல்வார். இன்னும் முப்பது ஆண்டு கழித்துக் கேட்க எண்ணினால் யாரிடம் கேட்பது?

காலம் தாழ்த்தினால் என்ன ஆகும் என்பதற்கு நாம் ஜப்பானுக்குப் போகவேண்டியதில்லை. முதல் உலகப்போர் நடந்த காலத்தில் சென்னையில் நடராச முதலியார் ‘கீசக வதம்’ என்ற ஊமைப் படத்தை எடுத்தார். தென்னாட்டின் முதல் கதைப்படம் அது. அதன் ஒரு சுருள்கூட இன்று இல்லை. ‘கேளிக்கைதானே’ என்று அன்று நினைத்தார்கள்; இன்று அதன் பெயரை மட்டும் தேர்வில் எழுதி மதிப்பெண் பெறுகிறோம். தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் புனேயில் அமைந்தது 1964-இல். அதற்குள் ஊமைப்படக் காலம் பெரும்பாலும் சாம்பலாகிவிட்டது. திரைப்படத்துக்கு நாம் அரை நூற்றாண்டு தாமதமாக விழித்தோம். வீடியோ விளையாட்டுக்கும் அதே அரை நூற்றாண்டுத் தாமதம் வேண்டுமா?

நண்பர்களே, ‘எங்கோ ஜப்பானில் செய்த பொறிக்கு இங்கே நாம் ஏன் கவலைப்படவேண்டும்?’ என்று உங்களுள் சிலர் நினைக்கலாம். நம் வளாகத்திலேயே பாருங்கள். ஆண்டுதோறும் இறுதியாண்டு மாணவர்கள் செய்முறைத் திட்டத்துக்காக விளையாட்டுகள் செய்கின்றனர். சிலவற்றில் தமிழ் எழுத்தும் தமிழ்க் கதையும் உண்டு. இரவெல்லாம் விழித்து எழுதிய அந்த நிரல், மதிப்பெண் வந்த மறுநாளே மடிக்கணினியின் ஏதோ ஒரு மூலையில் உறங்கப் போகிறது. கணினி பழுதானால் அதுவும் போகிறது. மாபெரும் நிறுவனம் தன் படைப்பை மறந்தது என்று குறைகூறும் நாம், நம் தோழர்கள் செய்ததையாவது நினைவில் வைத்திருக்கிறோமா?

ஆகவே நம் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். தமிழ் மாணவர் செய்யும் ஒவ்வொரு விளையாட்டின் நிரலையும், செய்தவர் பெயரையும், செய்த முறையைப் பற்றி அவரே எழுதிய நான்கு பக்கக் குறிப்பையும் வாங்கி, பல்கலைக்கழக நூலகத்தில் வைக்க ஏற்பாடு செய்யவேண்டும். பணம் வேண்டியதில்லை, ஓர் அலமாரித் தட்டும், ஓர் அக்கறையுள்ள செயலாளரும் போதும். விளையாட்டுத் தொழிலில் சேரப்போகும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நாளை நீங்கள் எந்த நிறுவனத்தில் பணி ஏற்றாலும், விற்பனை முடிந்த படைப்பு என்ன ஆகிறது என்று முதல் கூட்டத்திலேயே கேளுங்கள். கேட்பவன் ஒருவன் இருந்தால், குப்பைக்குப் போகும் பெட்டி ஒன்றாவது காப்பகத்துக்குத் திரும்பும்.

கடலுக்குள் தண்டவாளம் போட்டவர்கள் சிலர் இருந்தார்கள். இருளையும் நிறத்தையும் அளந்து, ஒரு பூதம் எந்த நொடியில் முகம் காட்டவேண்டும் என்று சிந்தித்து உழைத்தார்கள். அவர்கள் உழைப்பு நமக்குப் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம். அதைப் பார்த்து முடிவு செய்யும் வாய்ப்பு, நமக்குப் பின்னே வரும் மாணவனுக்கும் இருக்கவேண்டும்.